உஷாகாவில் ஒரு நாள்: எதை எங்கே சாப்பிடுவது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து குடும்பத்தோடு டர்பன் வருகிறோம். மீன் காட்சியகமும் நீர்ச்சறுக்குகளும் உள்ள கடற்கரைப் பூங்காவான உஷாகா மரைன் வேர்ல்டில் ஒரு முழு நாள். பெரியவர்கள், பிள்ளைகள் சேர்த்து ஒன்பது பேர். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. புரட்டாசி முழுவதும் சைவம். கொழுந்தனார், சுறா நீந்தும் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டே தீரவேண்டும் என்கிறார். பிள்ளைகள் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது) கேட்கிறார்கள். நானோ பிரியாணிச் சட்டியைக் காரில் ஏற்றிவிட்டால் செலவு மிச்சம் என்று நினைக்கிறேன். எது சரி? திரும்பும்போது பன்னியைப் பார்சல் கட்டிக்கொண்டு வரலாமா? – ஒரு வாசகி

பதில்: சாப்பாட்டுக்காக யாரும் உஷாகாவுக்குப் போவதில்லை. அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி கடலுக்கும் காற்றுக்கும் கண்ணாடிக்கும்தான். அது தவறில்லை, தெரிந்து கொடுத்தால் மனம் நோகாது. ஆகவே பூங்காவைச் சேர்ந்த உணவகத்தில் ஒரே ஒரு வேளை மட்டும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதுவும் சுறாவைப் பார்ப்பதற்காக. உண்மையான பசியை ஊருக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். டர்பனின் நல்ல குழம்பு கடற்கரை ஓரத்தில் கொதிப்பதில்லை.

முதலில் கொழுந்தனாரின் ஆசை. அவர் சொல்வது கார்கோ ஹோல்ட் உணவகம். 2004-இல் திறக்கப்பட்ட உஷாகாவின் மீன் காட்சியகம், கரைதட்டிய ஒரு பழைய சரக்குக் கப்பலின் வடிவில் கட்டப்பட்டது. மொத்தத்தில் ஏறக்குறைய 1 கோடியே 75 லட்சம் லிட்டர் கடல்நீர் அங்கே ஓடுகிறது. அந்தக் கப்பலின் பின்பகுதியில்தான் உணவகம். ஒரு பக்கச் சுவர் முழுவதும் சுறாத் தொட்டியின் கண்ணாடி. ஒழுங்கற்ற பற்கள் வெளியே துருத்திய பெரிய சுறாக்கள் உங்கள் தட்டை எட்டிப் பார்த்தபடி மெல்ல நகர்ந்துபோகும். மீன் பார்த்துக்கொண்டிருக்க மீனைத் தின்பது எனக்கு என்றைக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

இந்த இடத்தின் முழு மதிப்பும் மேசையில்தான் இருக்கிறது. கண்ணாடியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் அது விலை கூடிய ஒரு சாதாரண உணவகம். எனவே முன்பதிவு செய்யும்போதே கண்ணாடியை ஒட்டிய மேசை வேண்டும் என்று சொல்லி, அதைக் குறித்துக்கொண்டார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலமாதலால் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே அழையுங்கள். ஒன்பது பேருக்கு ஒரே மேசை கண்ணாடியோரம் கிடைப்பது கடினம். பிள்ளைகளையும் கொழுந்தனாரையும் அங்கே உட்காரவைத்துவிட்டு, பெரியவர்கள் பின்மேசையில் நிம்மதியாக இருக்கலாம். பகல் உணவுக்கு வேண்டாம். நீர்ச்சறுக்கில் நனைந்த தலையோடும் ஈரத் துணியோடும் குளிரூட்டிய அறையில் நடுங்குவதைவிட, குளித்து உடை மாற்றி இரவு உணவுக்குப் போவது நல்லது.

அங்கே கடலுணவைத்தான் கேட்கவேண்டும். மொசாம்பிக் பக்கத்திலிருந்து வரும் பெரிய இறாலை எல்.எம். (லொரென்சோ மார்க்கஸ், மபுட்டோவின் பழைய பெயர்) இறால் என்று பட்டியலில் போட்டிருந்தால் தயங்காதீர்கள். வெண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்த்த போர்த்துகீசியச் சமையல் நம் நாக்குக்கு அந்நியமல்ல. மலிவாக முடிக்கவேண்டுமானால் ஹேக் மீன். தென்னாப்பிரிக்காவின் இழுவலை ஹேக் 2004-லிருந்தே பன்னாட்டு நிலைத்தகு மீன்பிடிச் சான்று பெற்றது. மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மீன்களைத் தரம்பிரிக்கும் சாசி அட்டையைப் பற்றிப் பரிமாறுபவரிடம் கேளுங்கள். பச்சையில் இருப்பதைச் சாப்பிடலாம், சிவப்பைத் தொடக்கூடாது. ஷாட் மீன் மீது டர்பன் தமிழருக்கு உள்ள மோகம் உங்களுக்குத் தெரியும். ஆனால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை அதைப் பிடிக்கத் தடை. உங்கள் பயணம் அக்டோபருக்குள் நீண்டு, யாராவது "இன்று பிடித்த ஷாட்" என்று காட்டினால் வாங்காதீர்கள்.

மாமியாரை கார்கோ ஹோல்டுக்கு அழைத்துப்போய் உருளைக்கிழங்கு வறுவலோடு உட்காரவைப்பது எனக்குச் சம்மதமில்லை. அவருடைய நல்ல வேளைச் சாப்பாடு பகலில் இருக்கட்டும். உஷாகா கடற்கரையில், கடற்பாலத்தை ஒட்டி மோயோ உணவகம் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையல், காற்று நன்றாக வரும். சோளமாவுக் களியான பாப், கூடவே பீன்ஸ், கேரட், குடைமிளகாய், தக்காளி சேர்த்து வதக்கிய சக்கலக்கா. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சக்கலக்காவில் மசாலாத்தூள் போடும் பழக்கம் உண்டு என்பதால் வாயும் சப்பென்று இருக்காது. களியின் அளவை மட்டும் பாதியாக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சோளமாவு சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

சர்க்கரை உள்ளவருக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதைப்போலவே எப்போது சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம். விடுமுறை நாளில் பன்னிரண்டரை மணிக்கு எந்த உணவகத்துக்குப் போனாலும் காத்திருக்கவேண்டும். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு வரிசையில் நிற்பது ஆபத்து. பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுங்கள். கைப்பையில் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் வேர்க்கடலையும் இருக்கட்டும். சனிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் உண்பவராக இருந்தால், அந்த நாளைப் பூங்காவுக்கு வைக்காதீர்கள். மருந்தளவை மாற்றுவதா என்று அவருடைய மருத்துவரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

புரட்டாசிக்காரர்கள் ஏமாறும் இடங்களையும் சொல்லவேண்டும். சிற்றுண்டிக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை மீன் பொரித்த அதே எண்ணெயில் போடுவது சாதாரணம். கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளின் மார்ஷ்மெல்லோவிலும் பல ஜெல்லி மிட்டாய்களிலும் ஜெலட்டின் உண்டு. இதைவிடப் பெரிய பொறி பீன்ஸ் குழம்பு. சைவம் என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் ஆட்டுக்கால் போட்டு பீன்ஸ் சமைப்பது டர்பனின் பழைய பழக்கம். "வெறும் பீன்ஸ்தானா, கால் சேர்த்ததா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சந்தேகமே இல்லாமல் தின்னவேண்டுமென்றால் கடற்கரை நடைபாதையில் விற்கும் சுட்ட சோளமும் மசாலாத்தூள் தூவிய அன்னாசியும் இருக்கின்றன. அன்னாசியில் மிளகாய்த்தூள் போடுவதை ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்துப் பார்ப்பார்கள். பிறகு இரண்டாவது துண்டு கேட்பார்கள்.

விடுமுறையின் நடுவே 24 செப்டம்பர், பாரம்பரிய தினம், வந்துவிட்டால் எங்கும் பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் புகைதான். பூர்வோர்ஸ் தொத்திறைச்சியில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், பன்றியும் சேரலாம். உங்கள் வீட்டில் மாடு தின்னாதவர்கள் இருந்தால் ஆட்டுத் தொத்திறைச்சி என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உங்கள் சட்டி. பிரியாணிச் சட்டியோடு கடற்கரைக்குப் போவதைச் சிலர் நாட்டுப்புறத்தனம் என்று கேலி செய்வார்கள். உங்கள் மாமியாரின் இளமையில் கடற்கரையே நிறம்பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த உணவகங்களில் நமக்கு நாற்காலி கிடையாது. டர்பன் கடற்கரைகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டது 1989-இல்தான். சட்டியைத் தூக்கிப்போய்ப் புல்லில் பாய் விரித்தவர்கள் வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தார்கள். அதிலேயே ஒரு மகிழ்ச்சியையும் கண்டுபிடித்தார்கள். எனக்குச் சட்டியோடு வழக்கே இல்லை. வெயிலோடுதான் வழக்கு. லெனேசியாவிலிருந்து டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம். வெந்த சோற்றை வெதுவெதுப்பாக அவ்வளவு நேரம் காரின் பின்பெட்டியில் வைத்தால், கொதித்தும் சாகாத ஒருவகைக் கிருமியின் விதைகள் முளைத்துவிடும். மறுபடி சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றுவலியும்தான் மிச்சம். சோறு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும், அல்லது ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கவேண்டும். இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

வழிப்பயணத்துக்குப் பிரியாணி வேண்டாம். உருளைக்கிழங்குப் பொரியலைச் சுருட்டிய ரொட்டி, புளி சேர்த்த சட்னி, வடை, முறுக்கு என்று உலர்ந்ததாகக் கட்டுங்கள். ஹாரிஸ்மித்தில் நிறுத்தி, டீயோடு சாப்பிடுங்கள். பிரியாணி ஆசை தீரவேண்டுமென்றால் தங்குமிடத்தில் காலையில் சமைத்து, சூடுகாக்கும் பெட்டியில் எடுத்துவந்து பத்தரை, பதினொன்றுக்குள் கடற்கரைப் புல்லில் முடித்துவிடுங்கள். பூங்காவின் நுழைவாயிலில் சட்டியோடு நின்று காவலரிடம் வாதாடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வில்லேஜ் வாக் எனப்படும் கடைத்தெருவுக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. சறுக்கில் ஏறாத பெரியவர்கள் அங்கேயே நிழலில் இருக்கலாம்.

பிள்ளைகள் நீர்ச்சறுக்கில் ஏறும் முன் வயிறு நிறையத் தின்னக்கூடாது. காலையில் ரொட்டியும் முட்டையும் போதும். சறுக்கெல்லாம் முடிந்தபிறகு, மீன் காட்சியகத்துக்குப் போகும் முன் சாப்பிடவையுங்கள்.

பன்னி சவ்வுக்கு அடுத்த நாள் பகலை முழுதாக ஒதுக்குங்கள். பூங்காவின் களைப்போடு அதைத் தின்பது அதற்குச் செய்யும் அவமரியாதை. பன்னி பழைய கிரே தெருப் பக்கத்தில் பிறந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுப் தாதூ பெயர். உள்ளே உட்கார அனுமதி மறுக்கப்பட்டவர்கள் குழம்பைக் கையில் எடுத்துப்போகத் தோன்றியது என்பது ஒரு கதை. வயலுக்கோ வேலைக்கோ கட்டிப்போன உணவு என்பது இன்னொன்று. முதல் கதையே எனக்கு உண்மையாகப் படுகிறது.

நல்ல பன்னிக்கு மூன்று சோதனை. ரொட்டி அன்றைக்குச் சுட்ட, வெட்டாத வெள்ளை ரொட்டியாக இருக்கவேண்டும். பழையதென்றால் ஓரம் உடையும். குழம்பு சிவந்து, எண்ணெய் மிதந்து, கெட்டியாக இருக்கவேண்டும். நீர்த்திருந்தால் அடி பிய்ந்து மடியில் கொட்டும். உருளைக்கிழங்கு விரலால் அழுத்தினால் நசுங்கவேண்டும், ஏனென்றால் மசாலாவைக் குடித்து வைத்திருப்பது அதுதான். பெரியவருக்குக் கால்வாசி ரொட்டி போதும். அரை ரொட்டியைக் கொழுந்தனாரே தனியாகக் கேட்பார், தடுக்கவேண்டாம். மேலே மூடியாக வைத்திருக்கும் ரொட்டித் துண்டில் தொட்டுத் தொடங்கி, சுவரைப் பிய்த்துக்கொண்டே கீழே இறங்கவேண்டும். கரண்டி கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும். துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்த சம்பலை ஒதுக்காதீர்கள். உறைப்பு தாங்காத பிள்ளைகளுக்குப் பச்சை நிறக் கிரீம் சோடா.

எங்கே? அம்பிலோவில் கவுண்டன்ஸ் ஆட்டிறைச்சிக்குப் பேர்போனது. கிளென்வுட்டில் ஹெலன் ஜோசஃப் சாலையில் உள்ள கேன்கட்டர்ஸ் குடும்பத்தோடு உட்கார இன்னும் வசதி. பழமை வேண்டுமென்றால் உம்கேனி சாலையின் பிரிட்டானியா ஹோட்டல், 1879-லிருந்து இருக்கிறது. ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால், பிள்ளைகளும் பாட்டியும் உள்ள உங்கள் கூட்டத்துக்கு கேன்கட்டர்ஸ். மாமியாருக்கு அங்கே வெள்ளை ரொட்டியில் அல்லாமல் தட்டில், ஆட்டுக்கால் சேராத பீன்ஸும் சப்பாத்தி போன்ற ரொட்டியும் தனியாகக் கேளுங்கள். உம்லாங்காவில் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலின் குழம்பு விருந்தைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். சுவைக்குக் குறையில்லை, ஆனால் ஒன்பது பேருக்கு அந்தப் பணத்தில் மூன்று வேளை பன்னி சாப்பிடலாம்.

பார்சல் கேள்விக்கு: பன்னியாகக் கட்டாதீர்கள். இருபது நிமிடத்தில் ரொட்டி குழம்பைக் குடித்துக் கூழாகிவிடும். குழம்பை மட்டும் மூடி இறுகும் டப்பாவில் முதல்நாள் மாலையே வாங்கி, தங்குமிடத்தின் உறைபெட்டியில் கல்லாக உறையவைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் ஏற்றுங்கள். ரொட்டியை லெனேசியாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் குழம்பைக் கொதிக்கவிட்டு, ஊற்றும் நேரத்தில்தான் ரொட்டியைக் குடையவேண்டும்.