கோழிக் கருவில் இனச்செல்கள் எங்கிருந்து வருகின்றன? கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி, கொளத்தூர்: சினைப்பையோ விந்தகமோ உருவான பிறகு அதற்குள்தானே சார் இனச்செல்கள் பிறக்கும்?

இல்லைம்மா, அப்படியே தலைகீழ். செல்கள் முதலில், இனச்சுரப்பி (சினைப்பையோ விந்தகமோ) அப்புறம்தான். முட்டை இடும்போதே மஞ்சள்கருவின் மேலுள்ள வெள்ளைப் பொட்டில் பல்லாயிரம் செல்கள் இருக்கும். அவற்றில் நடுவே இருக்கும் சில டஜன்தான் மூல இனச்செல்கள், அதாவது பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகிறவை. அடைவைத்த ஒரு நாளுக்குள் அவை தலை வரப்போகும் இடத்தையும் தாண்டி, கருவின் உடலுக்கு வெளியே, பிறை வடிவப் பகுதியில் சேர்ந்துவிடும். 1914-இலேயே ஸ்விஃப்ட் என்பவர் இதை விவரித்துவிட்டார்.

அதே மாணவி: வெளியே போனவை எப்படித் திரும்ப உள்ளே வரும்?

ரத்தத்தில் ஏறித்தான்! எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம் இதுதான். எலிக் கருவில் இவை குடல் சுவர் வழியாக ஊர்ந்து போகும். கோழியில் இரண்டாம் நாள் இதயம் துடிக்கத் தொடங்கியதும் ரத்தக் குழாய்களுக்குள் நுழைந்துவிடும். சுமார் 50 மணி நேரக் கருவில், மெல்லிய கண்ணாடிக் குழாயால் துளி ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ரத்தச் செல்களுக்கு நடுவே உருண்டையாக, அவற்றைவிடப் பெரிதாக ஒன்றிரண்டு தெரியும். உள்ளே கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை நிறைய இருப்பதால், அதைக் காட்டும் பிஏஎஸ் என்ற சாயம் போட்டால் கருஞ்சிவப்பாகிவிடும். இரண்டரை நாளில், இனச்சுரப்பி வரப்போகும் இடத்துக்கு அருகே நுண்குழாய்களை விட்டு வெளியேறும். அங்கிருந்து வரும் வேதிச் சமிக்ஞை ஒன்று அவற்றை ஈர்க்கிறது. இடப்பக்கம் சேர்பவையே அதிகம். பெட்டைக்கு இடது சினைப்பை மட்டும்தான் முழுதாக வளரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கல்லூரி ஆசிரியை, தாம்பரம்: இந்தச் செல்தான் இனச்செல் என்று முடிவு செய்வது யார்?

எலியில் பக்கத்துத் திசுக்கள் அனுப்பும் பிஎம்பி என்ற புரதச் சமிக்ஞை. கோழியிலோ தாய் அந்தக் குறிப்பை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புவதாகத் தெரிகிறது, மேடம். 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனச்செல்களை அடையாளம் காட்டும் வாசா என்ற புரதத்தைச் சினைமுட்டையிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். கரு பிளவுபடும்போது சில செல்களுக்கு மட்டுமே அது போய்ச் சேர்ந்தது.

நாட்டுக்கோழி வளர்ப்பவர், ஆவடி: இதனால் எங்களுக்கு என்ன லாபம் சார்?

நியாயமான கேள்வி. மஞ்சள்கரு இருப்பதால் கோழி முட்டையை உறைய வைத்துப் பாதுகாக்க முடியாது. மூல இனச்செல்களைத் திரவ நைட்ரஜனில் வைக்கலாம். 2006-இலிருந்து அவற்றை ஆய்வகத்தில் நீண்டகாலம் பெருக்கவும் முடிகிறது. வேண்டும்போது வேறு இனக் கருவின் ரத்தத்தில் செலுத்தினால், அவை தாமாகவே சுரப்பியைத் தேடிப் போகும். அந்தக் கோழி வளர்ந்த பிறகு அதன் குஞ்சுகளில் சில, நாம் சேமித்த இனத்தின் மரபணுவோடு பொரிக்கும். அசில், சிறுவிடை மாதிரி இனங்களைக் காக்க இது உதவும். வீட்டில் செய்கிற வேலை இல்லை, ஆய்வகம் வேண்டும்.

அவரே: மே மாதம் மொட்டை மாடி அறையில் முட்டை சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். கத்திரி வெயில் சூட்டில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துப்போகும். குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைத்துவிடுங்கள்.