இறுக்கியும் சரிகிறதா போன் ஸ்டாண்டு? பழைய டியூபை எடுங்கள்

கேள்வி: கடலூர் ஆல்பேட்டையில் இருந்து தினமும் சைக்கிளில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன். ஹேண்டில் பாரில் மாட்டிய போன் ஸ்டாண்டு எவ்வளவு இறுக்கினாலும் ஒரே வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. இரண்டு முறை போன் ரோட்டில் விழுந்துவிட்டது. பின்பக்க லைட்டை எங்கே தொலைத்தேன் என்றே தெரியவில்லை. ஸ்பீடோமீட்டர் சென்சாரும் அடிக்கடி நகர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ‘எவ்வளவு இறுக்கினாலும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஸ்டாண்டின் வாய் பெரியதாகவும் பைப் சிறியதாகவும் இருந்தால், இறுக்க இறுக்க வட்டமாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் வளையம் முட்டை மாதிரி நசுங்கும். பைப்பை இரண்டே இடத்தில் கடித்துக்கொண்டு நிற்கும். வீட்டு வாசலில் ஆட்டிப் பார்த்தால் கல் போலத்தான் இருக்கும். முள்ளோடை தாண்டி ஒரு குதி, கிருமாம்பாக்கத்தில் ஒரு குதி என்று போய், நோணாங்குப்பம் பாலம் வருவதற்குள் நூலளவு திரும்பியிருக்கும். ஒருமுறை திரும்ப ஆரம்பித்தால் அப்புறம் நிற்காது. இன்னும் இறுக்கினால் மரை வழுக்கிப் போகும், அல்லது வளையம் விரியும்.

ஆகவே முதலில் பைப்பை அளந்துவிடுங்கள். வெர்னியர் எல்லாம் தேவையில்லை. ஒரு தையல் நூலை ஸ்டாண்டு உட்காரும் இடத்தில் ஒரு சுற்று சுற்றி, அந்த நீளத்தை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். 7 செ.மீ. வந்தால் பைப்பின் விட்டம் 22.2 மில்லிமீட்டர். 8 செ.மீ. என்றால் 25.4. சரியாக 10 செ.மீ. என்றால் 31.8. சைக்கிள் ஹேண்டில் பார்களில் அதிகம் பார்க்கிற அளவுகள் இந்த மூன்றும்தான். இன்னொரு விஷயம், பல கியர் சைக்கிள்களில் ஹேண்டில் பார் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். மெலிகிற அந்தச் சரிவில் எதை மாட்டினாலும் அது மெலிந்த பக்கமாகவே நழுவும். உங்கள் ஸ்டாண்டு அங்கே உட்கார்ந்திருந்தால் இடத்தை மாற்றுவதே பாதி வைத்தியம்.

மீதிப் பாதி பஞ்சர் கடையில் கிடைக்கிறது. வீணாய்ப் போன சைக்கிள் டியூப் ஒரு சாண் நீளம் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பவுடர் படிந்திருக்கும். அதை அப்படியே சுற்றினால் வழுக்கத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்து, கிளாம்பின், அதாவது பைப்பைக் கடிக்கிற அந்த வளையத்தின், அகலத்தைவிட விரல்கடை அதிகமாக வெட்டிக்கொள்ளுங்கள். பைப்பில் உள்ள எண்ணெய், வியர்வைப் பிசுக்கையும் துடைத்துவிட வேண்டும். டியூப் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், ஒரு சுற்றுக்கு விட்டம் 2 மில்லிமீட்டர் கூடும். 25.4-க்கான கிளாம்பை 22.2 பைப்பில் மாட்ட வேண்டுமானால் இழுத்துப் பிடித்து ஒன்றரைச் சுற்று சுற்றிப் பாருங்கள். கிளாம்பை மூடும்போது கையில் சற்று முரண்டு பிடிக்க வேண்டும், அதுதான் சரியான அளவு. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றாதீர்கள். வெயிலில் அதன் பசை இளகி, ஸ்டாண்டோடு சேர்ந்து டேப்பும் நகரும். ஃபெவிக்விக் வகைப் பசையும் வேண்டாம். ஒட்டிய அன்று பிரமாதமாக நிற்கும், ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதிர்ச்சி தாங்காது.

நட்டு கழல்வது தனிப் பிரச்சினை. அதற்கு உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு, கடைகளில் ‘நைலாக்’ என்று கேட்டால் தருவார்கள், அதுவே போதும். மரையில் விட்டால் நட்டைக் கழலாமல் பிடிக்கிற லாக்டைட் 243 போன்ற நீல நிறத் திரவத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். உலோகத்துக்கு உலோகம் என்றால் நல்லதுதான். ஆனால் போன் ஸ்டாண்டு, லைட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். அந்தத் திரவம் பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும். பத்து ரூபாய் நட்டுக்கு இருக்கிற புத்தி அதற்குக் கிடையாது.

போன் கனமான பொருள், சுமார் 200 கிராம். நீண்ட கழுத்துள்ள ஸ்டாண்டில் அதை வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கழுத்து கிளாம்பை முறுக்கும். குட்டையான ஸ்டாண்டாக வாங்கி, ஸ்டெம்முக்கு, அதாவது ஹேண்டில் பாரை நடுவில் பிடித்திருக்கும் கட்டைக்கு, ஒட்டினாற்போல் வையுங்கள். நான்கு மூலையையும் பிடிக்கிற ரப்பர் வலை இருந்தால் இன்னும் நல்லது. போன் கேமரா பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லை, அவ்வளவு பயம் தேவையில்லை. இருந்தாலும் டியூப் ரப்பர் அதிர்வைக் கொஞ்சம் குடிக்கும்.

அப்புறம், இரண்டாவது பிடி. கிளாம்ப் கைவிட்டாலும் போன் ரோட்டுக்குப் போகக் கூடாது. போன் கவரில் இருந்து ஸ்டெம்முக்கு ஒரு கெட்டியான நைலான் கயிறு கட்டுங்கள். கட்டியபின் போனை விட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். தொங்குகிற போன் முன் டயரையோ ஸ்போக்ஸையோ தொட்டால் கயிற்றை உடனே குறைத்துவிடுங்கள். ஓடுகிற முன்சக்கரத்தில் கயிறு மாட்டினால் போன் தப்பிக்கலாம், நீங்கள் தலைகுப்புறப் போவீர்கள். கயிற்றையோ ஒயரையோ பிரேக் கேபிளோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

பின் லைட் கதை எனக்கும் உண்டு. அரியாங்குப்பம் பாலத்தில் இருட்டும் நேரம், பின்னால் ‘டக்’ என்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு லாரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. லைட்டைச் சீட்டைத் தாங்கும் கம்பியில் பிடித்திருந்த சிலிக்கான் பட்டை, கொக்கி மாட்டுகிற துளையில் கிழிந்திருந்தது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இழுத்தால்தான் அந்தத் துளை ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும். மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லைட்டின் பின்னால் கிளாம்ப் போடும் வசதி இருந்தால் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கீழே ரப்பர் வைத்து இரண்டு ஜிப் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) குறுக்காகப் போடுங்கள். கறுப்பு ஜிப் டையாக வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் கரி வெயிலைத் தாங்கும், வெள்ளை சீக்கிரம் பொடிந்துவிடும். வாலை நகவெட்டியால் ஒட்ட நறுக்கினால் கையையும் பேன்ட்டையும் கிழிக்காது. லைட்டைப் பையின் துணிப் பட்டையில் கிளிப் போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. பை சாய்ந்தால் லைட் வானத்தைப் பார்க்கும், பின்னால் வருகிற பஸ்காரருக்கு அதனால் என்ன பயன்?

சென்சாருக்கும் அதே ரப்பர் வைத்தியம்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் சென்சார், ஸ்போக்ஸில் காந்தம், இடையில் 5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் பொதுவாக வேலை செய்யும். இரண்டும் உரசாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சார் உள்பக்கம் சாய்ந்தால் ஸ்போக்ஸ் அதை உடைத்தே தீரும்.

உங்கள் பாதையில் உப்புக்காற்று வேறு. சாதா இரும்புத் திருகு துருப்பிடித்தால் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கி, மரையில் துளி கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

எல்லாம் கட்டி முடித்தபின் முன்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கி மூன்று முறை கீழே போடுங்கள். கிளாம்ப் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கிளாம்பையும் ரப்பரையும் பைப்பையும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவைத்தால், எது எவ்வளவு நகர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புது ரப்பர் முதல் பயணத்தில் அமுங்கும். அதனால் புதுச்சேரி போய்ச் சேர்ந்ததும் ஒரு கால் சுற்று கூடுதலாக இறுக்க வேண்டியிருக்கும். போல்ட்டை இறுக்குகிற அலன் கீயை (அறுகோணச் சாவி) வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சீட்டுக்கு அடியில் உள்ள பையிலேயே கிடக்கட்டும்.