குடியிருப்புக் குப்பை உரம் நெல்லுக்குப் போதுமா?

கேள்வி: மாதவரத்தில் இருநூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். சமையலறைக் கழிவை இங்கேயே மட்க வைத்து, ஆறு மாதத்தில் சுமார் 4 டன் உரம் சேர்த்திருக்கிறோம். பொன்னேரி பக்கம் அப்பா இரண்டு ஏக்கரில் சம்பா போடுகிறார். இந்த உரத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் யூரியா, டிஏபி, பொட்டாஷ் மூன்றையும் நிறுத்திவிடலாமா? அப்பாவோ, "பட்டணத்துக் குப்பையை என் கழனியில் கொட்டாதே" என்கிறார்.

பதில்: அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கணக்கு.

4 டன்னில் 30 சதவீதம் ஈரம் என்று கழித்தால் உலர்ந்த எடை 2.8 டன். சமையலறைக் கழிவு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 42 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யூரியா மாதிரி தண்ணீரில் கரைந்து உடனே வேருக்குப் போகும் சத்து இல்லை. மட்கோடு பின்னிக் கிடக்கும். நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டால்தான் பயிருக்கு. முதல் பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. அதாவது 8 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. ஆக, நீங்கள் ஆறு மாதம் கிளறிக் கிளறிச் சேர்த்ததெல்லாம் இந்தப் பருவத்துக்கு அரை மூட்டை யூரியாவுக்குக்கூட ஈடில்லை. சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து பரிந்துரை. மீதியை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

வெறும் தொழுவுரத்திலேயே தானியம் விளையாதா என்றால், விளையும். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டுச் சோதித்து வருகிறார்கள். தொழுவுரம் மட்டுமே போட்ட பாத்தியும் நல்ல மகசூல் தந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாத்திக்கு ஆண்டுதோறும் போடுவது ஏக்கருக்கு 14 டன்!

பொட்டாஷ் கதை வேறு. அது தரும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்கோடு கட்டுண்டு கிடப்பதில்லை, பெரும்பகுதி அந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்துவிடும். வாழைப்பழத் தோலும் காய்கறித் தோலும் நிறைய விழும் குப்பை என்பதால் 1 சதவீதமாவது இருக்கும், 28 கிலோ. ஏக்கருக்குத் தேவை 20. அதனால் என் யோசனை: உரத்தை இரண்டு ஏக்கருக்கும் பங்கு போடாமல் ஒரே ஏக்கரில் போடுங்கள். ஏக்கருக்கு 5 டன் மட்கு என்பது வழக்கமான பரிந்துரை, அதற்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். அந்த ஏக்கருக்குப் பொட்டாஷ் வாங்க வேண்டாம். மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்) போடும் டிஏபியில் கால் பங்கு குறைக்கலாம். யூரியாவை முன்கூட்டியே வெட்டாதீர்கள், இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த மேல் இலையை, உங்கள் உடம்பின் நிழலிலேயே வைத்து இலை வண்ண அட்டையோடு (வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட அட்டை) ஒப்பிடுங்கள். நிறம் 4க்குக் கீழே இறங்கினால் (வெள்ளைப் பொன்னி என்றால் 3) யூரியா போடுங்கள், இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். அடுத்த ஏக்கரில் அப்பா வழக்கம்போலச் செய்யட்டும். அறுவடையில் மூட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உரம் பக்குவமா? இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அரைகுறையாக மட்கியதை நெல் வயலில் போட்டுத் தண்ணீர் கட்டினால் அது சேற்றுக்குள் காற்றில்லாமல் அழுகும். கால் வைத்தால் குமிழி குமிழியாகக் கிளம்பி அழுகிய முட்டை வாடை அடிக்கும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். போட்ட யூரியாவையும் நுண்ணுயிர்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி உரத்தை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி. அமோனியா நெடியோ புளித்த வாடையோ வந்தால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். பக்குவமானதையும் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே போட்டு உழுதுவிடுங்கள்.

அப்புறம் உப்பு. மிச்சச் சாம்பார், ஊறுகாய் எல்லாம் விழுந்த குப்பை இது. அப்பாவின் கழனிப் பக்கமோ, மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி. மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது உரத்தையும் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். நகர்ப்புறக் குப்பை உரத்தில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 4க்கு (dS/m) மேல் போகக்கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் அப்பாவின் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது, முடிவைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காரீயம், காட்மியம் பற்றிய பயம், வீட்டிலேயே பிரித்த சமையலறைக் கழிவில் பெரிதாக இல்லை. கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பழைய குப்பை மேட்டைச் சலித்தெடுத்த மண் யாராவது மலிவாகத் தந்தால் மட்டும் தொடாதீர்கள். பேட்டரி முதல் பெயின்ட் டப்பா வரை கலந்து கிடந்த மண் அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் வயலில் நெல் காட்மியத்தை இன்னும் கூடுதலாக இழுக்கும்.

இனி அப்பாவின் பயம். நெல் கழனியில் வெறுங்காலோடு இறங்கி வெறுங்கையால் நடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கலப்புக் குப்பையில் செய்த உரம் போட்ட ஒரு வயலுக்குப் போயிருந்தேன். நடவுக்கு இறங்கிய அம்மா ஒருவர் பத்தே நிமிடத்தில் வரப்பேறிக் காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலில் பல்ப் கண்ணாடி. அன்று மீதிப் பேரும் இறங்கவில்லை. ஒரு துண்டு போதும், அடுத்த வருஷம் அந்த வயலுக்கு ஆள் வராது.

அதனால் 4 மில்லிமீட்டர் சல்லடையில் முழு உரத்தையும் சலியுங்கள். மேலே நிற்பதில் புளியங்கொட்டை, மாங்கொட்டை, கத்தரித்த பால் பாக்கெட் மூலைகள், சில நேரம் பிளேடும் இருக்கும். கண்ணாடித் தூள் சல்லடைக்கும் தப்பும் என்பதால், கீழே விழுந்ததிலும் ஒரு முறத்தளவு வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் பாருங்கள். மினுங்கினால் அந்தக் குவியல் குடியிருப்பின் பூச்செடிகளுக்குப் போகட்டும். மினுங்கவில்லை என்றால் அதே துணியை அப்பா முன்னால் விரியுங்கள்.