கனடா, வட டகோட்டா சமவெளிகளின் டொர்னேடோக்கள்: கேள்வி பதில்

கேள்வி: டொர்னேடோவும் நம் ஊர்ப் புயலும் ஒன்றா? செய்தியில் இரண்டையும் சூறாவளி என்கிறார்களே?

பதில்: ஒன்றல்ல. புயல் கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து, நாள்கணக்கில் நகரும். டொர்னேடோ இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்கூட இராது. ஆயுளோ நிமிடக் கணக்கு. பெயர்க் குழப்பம் அங்கேயும் உண்டு. 1912 ஜூன் 30 மாலை கனடாவின் ரெஜைனா நகரில் 28 பேரைக் கொன்றது டொர்னேடோதான். இன்றும் 'ரெஜைனா சைக்ளோன்' என்றே சொல்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் கனடாவிலேயே பலமானது ரெஜைனாவில் வந்ததா?

பதில்: அதிக உயிர்களைப் பறித்தது அது. டொர்னேடோவின் பலத்தைக் குறிக்கும் எஃப் அளவுகோலில் உச்சமான எஃப்5 தரம் பெற்றது மானிடோபா மாகாணத்தில் உள்ள ஈலி என்ற சிற்றூரில் 2007 ஜூன் 22 அன்று வந்தது. கனடாவில் அந்தத் தரம் வேறெதற்கும் கிடைக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் சுழன்றும் கடந்த தூரம் ஐந்தரை கிலோமீட்டர்தான். வளைந்து வளைந்து மெதுவாக நகர்ந்தது. ஒரு வீடு அப்படியே பெயர்ந்து பறந்தது, ஆனால் யாரும் சாகவில்லை. முதலில் எஃப்4 என்றுதான் குறித்தார்கள். வீடியோவில் வீடும் வேனும் பறந்த விதத்தைக் கணக்கிட்ட பிறகே தரம் உயர்ந்தது.

கேள்வி: வீடியோ பார்த்தா தரம் போடுவது? காற்றை அளக்கும் கருவி இல்லையா?

பதில்: கருவி இருக்கும் இடத்தில் டொர்னேடோ வராது, வந்தால் கருவி மிஞ்சாது. அதனால் சேதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்: என்ன கட்டடம், அடித்தளத்தோடு எப்படிப் பிணைத்திருந்தது, எந்தப் பகுதி பிய்ந்தது. வெட்டவெளியில் போனால் எத்தனை மூர்க்கமானதும் தாழ்ந்த தரத்தோடு தப்பிவிடும். என் கண்ணுக்கு இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான்.

இந்த முறைக்கு அடிப்படை போட்ட ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து ஃபார்கோவில் நடந்தது. 1957 ஜூன் 20 டொர்னேடோவை ஊர்மக்கள் எடுத்த ஏறக்குறைய 150 புகைப்படங்களைத் திரட்டினார் டொர்னேடோ ஆய்வாளர் டெட் ஃபுஜிட்டா. ஒவ்வொரு படமும் எங்கே நின்று, எந்தத் திசையில் எடுத்தது என்று கண்டுபிடித்து, இரண்டு மூன்று படங்களின் கோணங்களை வரைபடத்தில் வெட்டவிட்டு, சுழல் நின்ற இடத்தையும் அளவையும் எடுத்தார். மேகத்தின் அடியில் தொங்கும் 'சுவர் மேகம்' என்ற பெயரும் அவர் தந்ததே. அவருடைய எஃப் அளவுகோல் 1971-இல் வந்தது. அதைத் திருத்தி உருவாக்கிய இஎஃப் அளவுகோலைக் கனடா 2013-இல் ஏற்றது.

2025 ஜூன் 20 அன்று அதே மாநிலத்தின் எண்டர்லினில் ரயில் வேகன்களே அளவுகோலாயின. காலி டேங்கர் வேகன் ஒன்று தூக்கி எறியப்பட்டது. அதன் எடையையும் விழுந்த தூரத்தையும் வைத்து இஎஃப்5 என்று முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் 2013-க்குப் பிறகு முதல்முறை.

கேள்வி: ஜூன், ஜூலையிலேயே ஏன்?

பதில்: மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று அவ்வளவு வடக்கே எட்டுவது அப்போதுதான். கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரும் விடும் நீராவியும் சேரும். மேலே ராக்கி மலைப்பக்கக் காற்று மூடிபோல் அழுத்த, பிற்பகல் வெயிலில் மூடி உடைகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறினால் எழும் மேகம் சுழலத் தொடங்கும்.

கேள்வி: கனடாவின் எட்மண்டனில் மொபைல் ஹோமில் (இழுத்துச் சென்று நிறுத்தும் வீடு) குடியிருக்கிறோம். எச்சரிக்கை வந்தால் குளியலறைக்குள் போனால் போதுமா?

பதில்: போதாது, வெளியேறுங்கள். உங்கள் நகரில் 1987 ஜூலை 31 அன்று இறந்த 27 பேரில் 15 பேர் ஒரே மொபைல் ஹோம் குடியிருப்பில் இருந்தவர்கள். அவ்வீடுகளில் அடியில் புகும் காற்று வீட்டையே புரட்டிவிடும். பக்கத்தில் நிலவறை உள்ள கட்டடம் எது என்று இன்றே பார்த்து வையுங்கள். அது எட்டாவிட்டால் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள். மேம்பாலத்தடியில் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும்.

கேள்வி: அழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டுமாமே?

பதில்: வேண்டாம். உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். ஜன்னல் பக்கம் போகும் நேரத்தில் நிலவறைப் படி இறங்கிவிடலாம்.