அமெரிக்க உள்நாட்டுப் போரில் நோயுற்ற வீரர்கள் மனைவிக்கு எவ்வாறு கடிதம் எழுதினார்கள்?

1861 முதல் 1865 வரை நடந்த அப்போரில் இறந்த வீரர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குண்டன்று, நோயே. சீதபேதியும் டைபாய்டும் தட்டம்மையும் முகாம்களை வாட்டியதால், படுத்த படுக்கையாகக் கிடந்து மனைவிக்கு எழுதியவர்கள் ஏராளம்.

எழுந்து உட்கார முடிந்தவர் மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் கிறுக்குவார். முடியாதவர் சொல்லச் சொல்லச் செவிலியரோ தன்னார்வலரோ எழுதுவார்கள். கவிஞர் வால்ட் விட்மன் வாஷிங்டன் மருத்துவமனைகளில் கட்டில் கட்டிலாகச் சென்று இப்பணியைச் செய்தவர். உறையின்மேல் பழகாத கையெழுத்தைக் கண்டதுமே மனைவிக்குப் பாதி உயிர் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். தபால்தலை இல்லாத வட மாநிலப் படை வீரர், 'வீரரின் கடிதம்' என்று குறித்து, அதிகாரியின் ஒப்பத்துடன் அனுப்ப முடிந்தது. 3 சென்ட் கட்டணத்தைக் கடிதம் பெறுபவர் செலுத்த வேண்டியிருந்தது.

வயிற்றுப்போக்கைப் பற்றி அவர்கள் கூச்சமின்றி எழுதினார்கள். ஆனால் அடுத்த வரியிலேயே 'இப்போது தேவலை' என்பார்கள். பிறகு எந்த வயலில் சோளம் விதைப்பது, எந்தப் பசுவை விற்பது என்று பேச்சு திரும்பிவிடும். அந்த 'தேவலை'யை மருத்துவச் செய்தியாகக் கொள்ளலாகாது. தேதியையும் கையெழுத்தின் தளர்ச்சியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.