மெல்லிய கோட்டுக்கு இடம் விடுங்கள்

கேள்வி: கையால் எழுதினாற்போல இருக்கும் மெல்லிய ஸ்கிரிப்ட் ஃபான்ட் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். திரையில் கொள்ளை அழகு. அழைப்பிதழ் முழுவதையும் அதிலேயே அமைத்தால், படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். ஃபான்ட் சரியில்லையா?

பதில்: ஃபான்ட்மீது குற்றமில்லை. அதன் தலையில் இவ்வளவு சுமையை ஏற்றியிருக்க வேண்டாம். இந்த வகை எழுத்துகள் கூர்முனைப் பேனாவிலிருந்து பிறந்தவை. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முள் விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது கை தளர்ந்தால் மயிரிழையாகும். ஆங்கில ‘எல்’ ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏறும் இழை, வளைவு, பிறகு தடித்து இறங்கும் கோடு என்று பேனா மூச்சு விடுவதே தெரியும். என்னைக் கேட்டால், அந்த இழைதான் இதன் உயிர்.

சிறிய அளவில் முதலில் அறுவதும் அதுதான். மேலே நீளும் கொம்பும் கீழே இறங்கும் வாலும் நீளமாக, எழுத்தின் உடல் குட்டையாக இருப்பதால், 12 பாயின்ட்டில் வைத்தாலும் மற்ற ஃபான்ட்டைவிடச் சிறிதாகவே தெரியும். ஆகவே பெயர்களை மட்டும் இதில் பெரிதாக வையுங்கள். நாள், நேரம், முகவரியெல்லாம் சாதாரண ஃபான்ட்டுக்குப் போகட்டும். சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விடுங்கள். ஒரே மையில், முழு அடர்த்தியில் அச்சிடச் சொல்லுங்கள். சாம்பல் நிறமாக்கினால் இழை புள்ளிபுள்ளியாகச் சிதறும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் மை பரவி இழையை மூடிவிடும். கையெழுத்து, வாழ்த்து அட்டை, புத்தகத்தின் சமர்ப்பண வரி, சிறு கடையின் சின்னம் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் எடுப்பேன். எச்சரிக்கைப் பலகைக்கும் மருந்துச் சீட்டுக்கும் கூடவே கூடாது.

கேள்வி: எல்லாம் கேப்பிடல் எழுத்தில் போட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டால் தெளிவாகுமா?

பதில்: ஆகாது. இதன் கேப்பிடல்கள் ஒரு சொல்லின் முதலில் தனியாக நின்று சுழிப்பதற்காக வரைந்தவை. வரிசையாக நிறுத்தினால் சுழி சுழியோடு மோதும். இடைவெளி விட்டாலோ, எழுத்துகளைக் கோக்கும் இணைப்பு அறுந்துபோகும். அந்த அளவை பூஜ்யத்திலேயே விடுங்கள். பக்கத்து எழுத்துக்கேற்ப வடிவத்தை மாற்றும் ‘காண்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்’ என்ற அமைப்பையும் இயக்கிவிடுங்கள். கையால் எழுதும்போது ஒரே எழுத்து இருமுறை அச்சாக அப்படியே வராதல்லவா? நல்ல ஃபான்ட்டில் அதற்காகவே மாற்று வடிவங்கள் இருக்கும். ஜெர்மன் எழுத்து வடிவமைப்பாளர் ஹெர்மன் சாப்ஃப், 1998-இல் வந்த தம் சாப்ஃபினோ ஃபான்ட்டில் நான்கு அகரவரிசைகள் தந்தார்! நான் அடிக்கடி திறந்து வைத்து ரசிப்பது அதைத்தான்.

கேள்வி: அதே ஃபான்ட்டில் தமிழில் அடித்தால் வேறு மாதிரி வருகிறதே?

பதில்: அதில் தமிழ் எழுத்துகளே இல்லை. கணினி தன்னிடமுள்ள வேறொரு ஃபான்ட்டை எடுத்துப் போட்டுவிடுகிறது. தமிழுக்கென்றே வரைந்த கையெழுத்து ஃபான்ட்டைத் தேடுங்கள். வாங்குமுன் ‘பக்கம்’, ‘அஃது’ என்று அடித்து, அச்சாகப்போகும் அளவிலேயே தாளில் எடுத்துப் பாருங்கள். புள்ளி மங்கினால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். புள்ளி நிற்காத ஃபான்ட் எவ்வளவு நளினமாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.