மனைவிக்கு ஹெச்.பி.வி. பாசிட்டிவ்: கணவரைக் கேட்பதற்கு முன் அறிக்கையைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 39. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். திருமணமாகி 17 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். வடமாநிலங்களுக்குப் போனால் நான்கைந்து மாதம் கழித்துத்தான் வீடு திரும்புவார். நான் வேலை செய்யும் நூற்பாலையில் முகாம் நடத்திக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தார்கள். பாப் ஸ்மியர் நார்மல், ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. அறிக்கையின் படத்தை இணைத்துள்ளேன். இது உடலுறவால்தான் வரும் என்கிறார்கள். அவரைத் தவிர நான் யாரையும் அறியாதவள். அப்படியென்றால் அவர் போன இடத்தில் தவறு செய்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? லேபிலிருந்து பேசுகிறவர் இருவருக்கும் சேர்த்துக் ‘கப்பிள் பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார். எங்கள் நங்கையாளோ கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எனக்கு எதுவும் ஓடவில்லை.

பதில்: உங்களை உறங்கவிடாமல் செய்வது முதல் கேள்விதான் என்று தெரிகிறது, எனவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கணவர் தவறு செய்தார் என்பதற்கு இந்த அறிக்கை சாட்சி ஆகாது. அவர் தவறே செய்யவில்லை என்பதற்கும் இது சாட்சி ஆகாது. இந்தக் கிருமி இன்று உங்கள் கர்ப்பப்பை வாயில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் இந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை உலகில் எங்கும் கிடையாது.

ஹெச்.பி.வி. என்னும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் ஏறத்தாழ 14 வகைகளே புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று தனியே பிரித்து வைக்கப்பட்டுள்ளன. இல்லற வாழ்வில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இதில் ஏதாவது ஒரு வகை தொற்றிவிடுகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வெள்ளைப்படுதல்கூட இல்லை என்பதால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை அடக்கிவிடுகிறது. ஆனால் அடங்கிய கிருமி சிலருக்கு எந்தப் பரிசோதனையிலும் தென்படாத அளவில் பல ஆண்டுகள் திசுவுக்குள்ளேயே கிடந்து, பிறகொரு காலத்தில் மீண்டும் தலைகாட்டுவதுண்டு. வயலில் கோரை முளைத்திருப்பதைப் பார்த்து அதன் கிழங்கு எந்த ஆண்டில் மண்ணுக்குள் போனது என்று எந்தக் குடியானவராலும் சொல்ல முடியாது; இதுவும் அப்படித்தான்.

நீங்கள் எழுதியுள்ளபடி வேறு தொடர்பு உங்களுக்கு இல்லையென்றால், கிருமி உங்கள் கணவர் வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது திருமணத்துக்கு முன்பே அவர் உடலில், அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். திருமணமான முதல் ஆண்டிலேயே உங்களிடம் வந்து, 17 ஆண்டுகள் தூங்கி, இப்போது விழித்திருக்கலாம். இதற்கு முன் நீங்கள் ஒருமுறையும் பரிசோதனை செய்துகொள்ளாத நிலையில், இது புதிது என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. வேறு காரணங்களால் அவர்மீது உங்களுக்கு ஐயம் இருந்தால் அதை அவரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டாதீர்கள். ஒரு லேப் அறிக்கையின் ஒற்றை வரியால் பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய நிகழ்வுகளை ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் பார்த்திருக்கிறேன். ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் கீழே இரண்டு வரி தமிழில் விளக்கம் அச்சடிக்கத் தோன்றாதது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்து அந்தக் ‘கப்பிள் பேக்கேஜ்’. தயவுசெய்து எடுக்காதீர்கள். ஆண்களுக்கு ஹெச்.பி.வி. இருக்கிறதா என்று வழக்கமாகச் சோதிப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனை எதுவும் இல்லை. ஆணின் தோலிலிருந்து துடைத்தெடுக்கும் மாதிரியில் கிருமி அகப்படவில்லை என்றால் கிருமி இல்லை என்று பொருளில்லை. அகப்பட்டாலும் அதற்குக் கொடுக்க மருந்து இல்லை. ரத்தம் எடுத்து ‘ஹெச்.பி.வி. ஆன்டிபாடி’ பார்ப்பதாகச் சொன்னால் அது இன்னும் மோசம், ஏனெனில் ரத்தப் பரிசோதனை இந்த விஷயத்தில் நோயாளிக்கு எந்த முடிவையும் எடுக்க உதவுவதில்லை. இவ்வளவும் அந்த லேபுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் உங்களிடம் தொலைபேசியில் பேசுகிறவர் பெரும்பாலும் லேப் ஊழியரே அல்லர். மில்களில் முகாம் பிடித்துக் கொடுத்து, ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் கமிஷன் வாங்கும் இடைத்தரகர். கணவர்மீது சந்தேகம் கொண்ட மனைவியிடம் இரண்டாவது பரிசோதனையை விற்பது எளிது என்று அவருக்குத் தெரியும். அவரே மூன்று மாதம் கழித்து மீண்டும் அழைத்து ‘திரும்ப ஒருமுறை டெஸ்ட் செய்து பார்த்துவிடலாம்’ என்பார். அதுவும் வீண் செலவு. கிருமியை அடக்க உடலுக்கு அவகாசம் வேண்டும். கிருமியைக் கழுவி எடுக்கும் பொடி, எதிர்ப்பாற்றல் கேப்சூல் என்று தொடர்ந்து வருபவற்றையும் வாங்காதீர்கள். ஹெச்.பி.வி.யைக் கொல்லும் மாத்திரை இன்றுவரை எந்த மருத்துவ முறையிலும் நிரூபிக்கப்படவில்லை.

இனி உங்கள் அறிக்கை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று வரிகள் இருக்கின்றன: ‘16 – நாட் டிடெக்டட்’, ‘18 – நாட் டிடெக்டட்’, ‘அதர் ஹை ரிஸ்க் – டிடெக்டட்’. உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்ட நல்ல செய்தி முதல் இரண்டு வரிகளில் இருக்கிறது. உலகில் ஏற்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். அவை உங்களிடம் இல்லை. மூன்றாவது வரியில் உள்ளவை அந்த இரண்டையும்விட ஆபத்து குறைந்தவை என்றாலும் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. 16 அல்லது 18 இருந்திருந்தால், செல்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் நார்மலாக வந்திருந்தாலும், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு உடனே அனுப்பியிருப்பேன். உங்களுக்குப் பாப் ஸ்மியரும் நார்மலாக இருப்பதால் ஓராண்டு கழித்து ஹெச்.பி.வி. பரிசோதனையை மறுபடி செய்தால் போதும். அப்போது கிருமி இல்லையென்றால் கவலை குறைந்தது. இருந்தால் அப்போது கால்போஸ்கோபி. இடையில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம் வந்தாலோ ஓராண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கால்போஸ்கோபி என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது உடலுக்குள் செலுத்தும் குழாய் அன்று. வெளியில் நின்று பெரிதாக்கிக் காட்டும் கருவி. கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் காத்திருப்போம். மாற்றமடைந்த செல்கள் உள்ள இடம் சுற்றியுள்ள இளஞ்சிவப்புத் தசையிலிருந்து பிரிந்து வெண்மையாகத் தெரியும். தேவைப்பட்டால் அந்த இடத்திலிருந்து அரிசி மணியளவு சதை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவோம். மயக்க மருந்து தேவையில்லை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

நங்கையாள் சொன்ன யோசனைக்கு வருகிறேன். அவர் அன்பால் சொல்லியிருப்பார். ஆனால் கொங்குப் பகுதியில் கர்ப்பப்பையை எடுப்பது பல் பிடுங்குவதுபோல் ஆகிவிட்டதற்கு அன்பு மட்டும் காரணம் அன்று. குழந்தை பெற்று முடித்தவளுக்கு இனி அது எதற்கு என்று கேட்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. காப்பீட்டு அட்டையை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டு நோயைப் பிறகு விசாரிக்கும் இடங்களும் இருக்கின்றன. ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சொல்லவில்லை. எடுத்தாலும் கிருமி பிறப்புறுப்பின் மற்றப் பகுதிகளில் தங்கியிருக்க முடியும். கால்போஸ்கோபியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், அதாவது நாங்கள் சி.ஐ.என். 2, 3 என்று குறிப்பிடும் நிலை, இருப்பதாகத் தெரிந்தால்கூட அந்த இடத்தை மட்டும் சூட்டினால் சுட்டோ, லீப் என்னும் மின்கம்பி வளையத்தால் சீவியோ எடுத்துவிட முடியும். எல்லாவற்றிலும் கொடுமை, உள்ளே புற்றுநோய் ஏற்கெனவே தொடங்கியிருப்பதை முறையாகப் பார்க்காமல் சாதாரண அறுவையாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான். அப்படி எடுத்த பிறகு புற்றுநோய் மருத்துவரிடம் வரும் பெண்ணுக்குச் சிகிச்சை இரட்டிப்புக் கடினமாகிவிடுகிறது. கால்போஸ்கோபியோ பயாப்சியோ செய்யாமல் அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து உங்கள் ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மேலே சொன்ன ஓராண்டுக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் தளர்ந்த பெண்களுக்கு, குறிப்பாக ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு, இது வேறு கணக்கு. பலருக்கு ஹெச்.பி.வி., ஹெச்.ஐ.வி. இரண்டும் ஒன்று என்ற குழப்பம் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கிருமிகள், ஒன்று இருப்பது இன்னொன்று இருப்பதற்கு அடையாளம் ஆகாது. ஆனால் இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்தால் உடலால் ஹெச்.பி.வி.யை எளிதில் அடக்க முடிவதில்லை. மற்றவர்களுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்றால், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் மற்றப் பெண்களுக்கு 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை என்று சொல்லும்போது, ஹெச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று சொல்கிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நீண்டகாலம் சாப்பிடுகிறவர்களும் தம் மருத்துவரிடம் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இப்படித் தனிக் கால அட்டவணை இல்லை. நீங்கள் இந்தப் பிரிவில் வருகிறீர்களா என்பதைத் தெரிந்துகொள்ள அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை, விவரம் வெளியே போகாது. கணவரையும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் பரிசோதனை என்று ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்று தோன்றினால், பயனுள்ளது இதுதான், காசும் மிச்சம். ஒரே மருத்துவமனை வளாகத்தில் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையம் ஒரு கட்டடத்திலும் மகளிர் நலப் பிரிவு அடுத்த கட்டடத்திலும் இருந்தும், அங்கிருந்து இங்கே ஒரு பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வர ஆளில்லாத நிலையை எத்தனை கூட்டங்களில் பேசினாலும் மாறவில்லை.

கணவரும் நீங்களும் சேர்ந்து வாழ்வதற்கு இதனால் தடை இல்லை. பல ஆண்டுகளாக உங்களுக்குள் பகிரப்பட்டிருக்கக்கூடிய கிருமிக்காக இப்போது புதிதாகப் பாய் தலையணையைப் பிரித்துப் போடுவதில் பயன் இல்லை. இது தோலோடு தோல் உரசுவதால் பரவுவது என்பதால் ஆணுறை பரவலை ஓரளவு குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பொதுக் கழிப்பறையாலோ பிள்ளைகளுக்கு வராது.

தடுப்பூசி, உடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமியை விரட்டாது; எனவே உங்களுக்கும் கணவருக்கும் அதை யாராவது சிகிச்சையாக விற்க வந்தால் ஒதுக்கிவிடுங்கள். மகளுக்குப் போடுங்கள். 2023 முதல் நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் கிடைக்கிறது. 15 வயது நிறைவதற்குள் போட்டால் இரண்டு ஊசி, அதன்பின் மூன்று. ஒன்பதாம் வகுப்பு என்றால் நாள் தள்ளாதீர்கள், அம்மணி.

தமிழகத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைத் திட்டம் 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் அசிட்டிக் அமிலம் தொட்டுப் பார்க்கும் சோதனை இன்று இலவசம். சோதித்ததைப் பதிவேட்டில் ஏற்றுவதில் காட்டும் வேகத்தை, பாசிட்டிவ் வந்த பெண் அடுத்த கட்டத்துக்குப் போனாளா என்று பார்ப்பதில் காட்டுவதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிற பெண்ணிடம் ‘கால்போஸ்கோபிக்கு அந்தக் கிழமை வாங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் அவள் திரும்ப வருவதில்லை. மில் முகாம்களில் இந்த அளவுக்குக்கூட ஏற்பாடு இல்லை. அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும், அதுவும் சில இடங்களில் மேற்பார்வையாளரின் எண்ணுக்கு.

ஆகவே நீங்களே நாள் குறித்துக்கொள்ளுங்கள். முகாமில் மாதிரி எடுத்த தேதியிலிருந்து 12 மாதம் கழித்து, மாதவிலக்கு இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். இந்த அறிக்கையின் அச்சுப் பிரதி, பாப் ஸ்மியர் அறிக்கை, நம்பிக்கை மையத்தின் முடிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு, பரிசோதனையும் கால்போஸ்கோபியும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவில் எந்தக் கிழமை வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தில் தொலைபேசி எண் எழுதும் இடத்தில் உங்கள் சொந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.